தாயில்லாத ஓர்கா குட்டி வேறு கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளாதா?

நீங்கள் கேட்டது இதுதான்: 2024-ல் கனடாவில் தாய் செத்துப்போய் ஒரு கழியில் தனியாக மாட்டிக்கொண்ட ஓர்கா (கொலைத் திமிங்கிலம்) குட்டியின் வீடியோவைப் பார்த்தீர்கள். கடலில் எத்தனையோ ஓர்காக்கள் திரிகின்றனவே, ஏதாவது ஒரு கூட்டம் அந்தப் பக்கம் போகும்போது குட்டியைக் கொண்டுபோய் அருகில் விட்டால் சேர்த்துக்கொள்ளாதா, இதற்கு எதற்கு வாரக்கணக்கில் வலையும் ஆளும் செலவும் என்கிறீர்கள். இதற்குள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஓர்காவுக்கு ஓர்கா என்றாலே சொந்தம்தானா, இல்லை அதற்கும் நம்ம ஆள், அசலூர் ஆள் என்று உண்டா? உண்டு. நம்மைவிடக் கறாராகவே உண்டு.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்று தெரியட்டும். தூத்துக்குடியில் கடலுயிரியல் படித்துவிட்டு, பதினொரு வருடமாக கனடாவின் மேற்குக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹைட்ரோபோன் பதிவுகளைக் கேட்கும் வேலை பார்க்கிறேன். கடலுக்கடியில் போட்டிருக்கும் மைக்கில் விழும் சத்தத்தைக் கேட்டு, இது எந்தக் கூட்டம், எந்த அழைப்பு என்று பிரித்துக் குறித்துவைக்க வேண்டும். பாதி நாள் கேட்பது கப்பல் இன்ஜின் சத்தம்தான், அது வேறு கதை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. குட்டிக்கு எவ்வளவு பால், என்ன மருந்து என்பதில் என் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள். குரல், குடும்பம் இரண்டிலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொலைத் திமிங்கிலம் என்று பள்ளியில் படித்த இந்த விலங்கு ஓங்கில் குடும்பத்தில் ஆகப் பெரியது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகை ஓர்காக்கள் ஒரே நீரில் நடமாடுகின்றன. ரெசிடென்ட் என்று பேர் வைத்தவை மீன் மட்டும் தின்னும், அதிலும் சினூக் சால்மன் கிடைத்தால் வேறு மீனைத் திரும்பிப் பார்க்காது. பிக்ஸ் என்பவை சீல், கடற்சிங்கம் போன்ற பாலூட்டிகளை வேட்டையாடும், மீன் தொடாது. இரண்டும் கலப்பதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து எடுக்கவில்லை என்று மரபணு சொல்கிறது, இவற்றைத் தனித்தனி இனமாகவே பிரிக்க வேண்டும் என்று 2024-ல் ஆய்வாளர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள். ஆக, "பக்கத்தில் போகும் ஏதாவது ஒரு கூட்டம்" என்றால் அது குட்டி தின்னும் சாப்பாட்டையே தின்னாத கூட்டமாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஒரே வகைக்குள் வந்தாலும் கதை முடியவில்லை. ரெசிடென்ட் ஓர்காக்களில் மகனும் சரி மகளும் சரி, ஆயுசு முழுக்க அம்மாவை விட்டுப் போவதில்லை. ஆண் வெளியே போய் இணை சேரும், திரும்ப அம்மாவிடமே வந்துவிடும். பிறக்கும் குட்டி அதன் அம்மா வீட்டில் வளரும். பாட்டி, பெரியம்மா, சித்தி, தாய்மாமன், அண்ணன், அக்கா எல்லாம் ஒரே நீரில், அப்பா மட்டும் பெரும்பாலும் வேறு கூட்டத்தில். ஈனும் வயது தாண்டிய பாட்டிகள் இன்னும் பல வருடம் வாழ்ந்து, மீன் குறைந்த காலத்தில் முன்னால் நீந்தி வழி காட்டுகிறார்கள். அம்மா எந்த அளவுக்கு முக்கியம் என்பதற்கு 2012-ல் வெளியான ஒரு கணக்கு போதும்: முப்பது வயது தாண்டிய ஆண் ஓர்காவுக்கு அம்மா செத்த அடுத்த ஓராண்டில் சாகும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு கூடுகிறது. முப்பது வயது தடிமாடு! அப்படியானால் இரண்டு வயதுக் குட்டியின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் தொழில். ஒவ்வொரு ரெசிடென்ட் கூட்டத்துக்கும் தனக்கென்று சில அழைப்புகள் உண்டு. நெல்லைக்காரர் வாயைத் திறந்ததும் ஊர் தெரிந்துவிடுகிற மாதிரிதான். பிறந்ததும் தெரியும் சத்தம் கிடையாது இது, அம்மாவிடமும் கூட இருப்பவர்களிடமும் கேட்டுக் கற்பது. இந்த அழைப்புகளுக்கு ஆய்வாளர்கள் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ரெசிடென்ட்களில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவு உண்டு. தெற்கில் எஸ்1 திரும்பத் திரும்பக் கேட்டால் ஜே கூட்டம், எஸ்19 என்றால் பெரும்பாலும் எல் கூட்டம். வடக்கு ரெசிடென்ட்களின் பட்டியல் முற்றிலும் வேறு, தெற்குக்காரர்களோடு ஒரு அழைப்புகூடப் பொதுவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு மத்தியானம் போதும். ஒரே குலத்துக்குள் (அழைப்புகள் ஓரளவு பொதுவாக இருக்கும் கூட்டங்கள்) கூட்டம் கூட்டமாகப் பிரிக்கத்தான் வருடங்கள் ஆகும்.

இந்தப் பட்டியல்தான் ஸ்பிரிங்கர் என்று பின்னால் பேர் பெற்ற ஒரு குட்டியைக் காப்பாற்றியது. 2002 ஜனவரியில் சியாட்டில் பக்கம், வாஷோன் தீவுக்குப் போகும் பயணிகள் படகுகளின் தடத்தில் ஒரு சின்ன ஓர்கா தனியாகத் திரிந்தது. அந்த வயதில் தனி ஓர்கா என்பதே நம்ப முடியாத காட்சி. தெற்குக் கூட்டமா, பிக்ஸ் குட்டியா, எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு பேச்சு. பிறகு அதன் குரலைப் பதிவுசெய்து கேட்டார்கள். பேசியது வடக்கு மொழி, அதிலும் ஏ4 கூட்டத்தின் அழைப்புகள். கண் பக்கத்து வெள்ளைத் திட்டை வைத்துப் பழைய படங்களோடு ஒப்பிட்டதில் ஆள் தெரிந்தது: ஏ73, 2000-ல் பிறந்த பெண், அம்மா ஏ45, அந்த அம்மாவைக் கொஞ்ச காலமாக யாரும் பார்க்கவில்லை. குட்டி நின்றது சொந்த ஊரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், தன் மொழி ஒரு வார்த்தைகூட யாருக்கும் தெரியாத நீரில்.

உடம்பும் மோசம். தோலில் நோய், வயிற்றில் புழு, எலும்பு தெரியும் மெலிவு. மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது என்று பக்கத்தில் போனவர்கள் குறித்திருக்கிறார்கள். சாப்பாடில்லாத உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும்போது வரும் அசிட்டோன் வாடை அது. மிதக்கும் மரக்கட்டைகளோடு உரசிக்கொண்டே இருந்தது. அதைவிடக் கவலையான விஷயம், படகுகளிடம் போய் முதுகு தேய்க்க ஆரம்பித்தது. ஓர்கா குட்டி நாள் முழுக்க யாரையாவது உரசிக்கொண்டே வளர்வது. யாரும் இல்லையென்றால் கட்டை, கட்டை இல்லையென்றால் படகு.

ஜூன் நடுவில் பிடித்து, மான்செஸ்டர் என்ற இடத்தில் கடலுக்குள்ளேயே ஒரு வலைக்கூண்டில் வைத்து ஒரு மாதம் தேற்றினார்கள். மீன் கொடுக்கும் கை மனிதக் கை என்று அது பழகிவிடக்கூடாது என்பதில் ரொம்பக் கவனமாக இருந்தார்கள். ஜூலை 13 அன்று ஒரு வேகப் படகில் ஏற்றி ஜான்ஸ்டன் நீரிணைப் பக்கம் ஹேன்சன் தீவின் ஒரு சின்னக் குடாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நம்கிஸ் பழங்குடி மக்கள் உயிர் சால்மன் கொண்டுவந்து கூண்டில் விட்டு வரவேற்றார்கள். அன்று ராத்திரியே அதன் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் கடந்தார்கள், குட்டி கத்தித் தீர்த்துவிட்டது. மறுநாள் அவர்கள் குடா வாசலுக்கு அருகில் வந்தபோது வலையைத் திறந்தார்கள்.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. திறந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளவில்லை. முதல் சில நாள் கொஞ்சம் தள்ளியே, ஓரமாகவே நீந்தியது. நடுவில் படகு தெரிந்தால் பழைய ஞாபகத்தில் அதை நோக்கிப் போனது. அப்போது ஏ51 என்ற பதினாறு வயதுப் பெண் ஓர்கா, அதற்கு அன்றைக்குச் சொந்தக் குட்டி கிடையாது, இடையில் வந்து குட்டியைப் படகிலிருந்து விலக்கிக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் அடுப்படிக்குள் ஓடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாளே, அப்படி. பிற்பாடு ஸ்பிரிங்கர் தன் அம்மாவழிச் சொந்தங்களோடு நிலைத்தது. 2013-ல் குட்டி போட்டது, 2017-ல் இன்னொன்று. காட்டு ஓர்கா ஒன்றைப் பிடித்து, தேற்றி, சொந்தக் குடும்பத்தோடு சேர்த்துவைத்து அது தாயாகவும் ஆனது இந்த ஒரு தடவைதான்.

சரி, ஏ51 சொந்தத் தாயும் இல்லை, நெருங்கிய ரத்த உறவும் இல்லை, அப்படியானால் "யாராவது" ஏற்றுக்கொள்வார்கள் என்றுதானே ஆகிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் அந்த யாராவது அதே குலம், அதே மொழிக் குடும்பம், குட்டி பிறந்த கோடைகளில் அதே நீரிணையில் கூடவே நீந்தியவர்கள். பக்கத்துத் தெரு அக்கா, அயல்நாட்டுக்காரி இல்லை. வேறு மொழி பேசும் கூட்டம் ஒரு அனாதைக் குட்டியை எடுத்து வளர்த்ததற்கு இந்தக் கரையில் ஐம்பது வருடப் படப் பதிவில் சான்று கிடையாது. நடக்கவே நடக்காது என்று இதை நான் சொல்லவில்லை, நடந்து பார்த்ததில்லை என்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஒரு குட்டியின் உயிரைப் பணயம் வைக்கும்போது இரண்டாவதை நம்பித்தான் முடிவெடுப்பேன்.

லூனா என்ற இன்னொரு குட்டியின் கதை இதற்கு நேர் எதிர்ப் பக்கம், எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. எல்98, 1999-ல் பிறந்த ஆண், தெற்கு ரெசிடென்ட். 2001 கோடையில் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் நூட்கா சவுண்ட் என்ற நீண்ட கடற்கழியில் தனியாக வந்து நின்றது. எப்படிப் பிரிந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை, சொல்லப்படுவதெல்லாம் ஊகம். ஸ்பிரிங்கர் மாதிரி நோய் கிடையாது. மீன் பிடித்துத் தின்று நன்றாகவே வளர்ந்தது. அதுவே அதற்கு எமனாகவும் ஆனது என்று தோன்றும் எனக்கு, சாகக் கிடந்திருந்தால் அதிகாரிகள் சீக்கிரம் முடிவெடுத்திருப்பார்கள். கொழுகொழுவென்று இருக்கும் குட்டிக்கு என்ன அவசரம் என்று வருடங்கள் ஓடின.

அதற்குப் பசி இல்லை, துணைதான் இல்லை. கோல்ட் ரிவர் படகுத்துறைக்கு வந்து ஆட்களின் முகத்தைத் தலை தூக்கிப் பார்க்கும். படகைத் தள்ளி விளையாடும், சுக்கானோடு மல்லுக்கட்டும், கடல் விமானத்தையும் விடாது. யாரும் அதைத் தொடக்கூடாது, பேசக்கூடாது, பார்க்கக்கூட வேண்டாம் என்று கண்காணிப்பாளர்களை நிறுத்தினார்கள். நினைத்துப் பாருங்கள், தொட்டுத் தொட்டே வளர வேண்டிய ஒரு குழந்தை கையை நீட்டுகிறது, எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று சட்டம். சட்டம் தப்பில்லை. படகோடு பழகினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் பதிலுக்குக் கொடுக்க ஒரு குடும்பம் இல்லாமல் வெறுமனே முகத்தைத் திருப்பச் சொல்வது எத்தனை வருடம் செல்லும்?

லூனாவின் பதிவுகளில் என்னைத் தூங்கவிடாத ஒன்று உண்டு. எல் கூட்டத்து அழைப்புகளோடு நடுநடுவே கடற்சிங்கம் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம். குரைப்பது கடற்சிங்கமில்லை, லூனாதான். அந்தக் கழியில் கடற்சிங்கங்கள் இருந்தன, பேச வேறு யாரும் இல்லை. ஓர்காக்கள் கேட்டுக் கற்கும் திறன் உள்ளவை என்பதற்குச் சான்றாக 2006-ல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அறிவியலுக்கு அருமையான செய்திதான்.

அந்த ஊர்ப் பழங்குடிகளான மோவாசாட்-முச்சலாட் மக்களுக்கு லூனா வேறு ஆள். அவர்களுடைய தலைவர் அம்புரோஸ் மாக்வின்னா இறந்துபோனதும் லூனா வந்ததும் ஒரே மாதத்தில். தான் ஓர்காவாகத் திரும்பி வருவேன் என்று அவர் சொல்லியிருந்தார். 2004 ஜூனில் அரசு அதைக் கூண்டுக்குள் இழுத்து லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோக முயன்றபோது அவர்கள் துடுப்புத் தோணிகளில் பாடிக்கொண்டே முன்னால் போனார்கள், லூனா படகுகளை விட்டுவிட்டுப் பாட்டின் பின்னால் போனது. முயற்சி கைவிடப்பட்டது. இதற்காக அவர்களைத் திட்டுவோர் இன்றும் உண்டு. நான் திட்ட மாட்டேன், அவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசாமல் கூண்டைக் கொண்டுவந்ததுதான் கோளாறு. 2006 மார்ச் 10 அன்று புயலுக்கு ஒதுங்கிய ஒரு பெரிய இழுவைக் கப்பலிடம் லூனா வழக்கம்போல விளையாடப் போனது, சுழலும் விசிறியில் சிக்கிச் செத்தது. வயது ஆறு.

இதுவரை சொன்ன இரண்டும் சுமார் இரண்டு வயதில் தனியானவை என்பதைக் கவனித்தீர்களா? அது தற்செயல் இல்லை. அதற்கு முந்தைய வயதில் தாய் போனால் பெரும்பாலும் கதை சொல்ல மிஞ்சுவதில்லை, பால்குடி ஒன்றிரண்டு வருடம் நீடிக்கிறது. 2021 ஜூலையில் நியூசிலாந்தின் வெலிங்டன் அருகே பிளிம்மர்டனில் பாறையில் ஒதுங்கிய டோவா என்ற குட்டிக்கு நாலு முதல் ஆறு மாத வயதுதான். ஊரே முறை போட்டுக் குளிர்நீரில் நின்று பாலூட்டியது, குடும்பத்தைத் தேடிப் படகும் விமானமும் போயின, கிடைக்கவில்லை. இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. சரி, குடும்பம் பக்கத்திலேயே இருந்தால்? அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 2016 இலையுதிர் காலத்தில் தெற்கு ரெசிடென்ட்களில் ஜே28 செத்தபோது அதன் பத்து மாதக் குட்டி ஜே54 சொந்தக்காரர்கள் நடுவிலேதான் இருந்தது. ஏழு வயது அக்கா ஜே46 மீன் பிடித்து வாயில் கொண்டுவந்து கொடுத்தது. மூழ்கப் போன தம்பியைப் பல்லால் கவ்வி மேலே தூக்கிப் பிடித்ததில் அதன் உடம்பெல்லாம் பல் தடம். தம்பி பிழைக்கவில்லை. அக்காவிடம் பால் கிடையாதே.

இப்போது நீங்கள் வீடியோவில் பார்த்த குட்டி. வான்கூவர் தீவின் ஸெபாலோஸ் கிராமத்துக்கு அருகே ஒரு கழியில் 2024 மார்ச் 23 அன்று ஒரு பிக்ஸ் ஓர்கா தரைதட்டி, ஓதம் வற்றியதில் மாட்டிச் செத்தது, வயிற்றில் இன்னொரு குட்டி வேறு. கூட வந்த இரண்டு வயது மகள் உள்ளேயே தங்கிவிட்டாள். அந்தப் பகுதிப் பழங்குடிகளான எஹட்டெசட் மக்கள் அவளுக்கு க்வீசஹேயிஸ் என்று பேர் வைத்தார்கள், துணிந்த சின்ன வேட்டைக்காரி என்று பொருள். கழியின் வாசலில் ஒரு பாலம், அதன் கீழே ஓதம் உச்சத்தில் இருக்கும் கொஞ்ச நேரம்தான் கடக்கத் தோதான ஆழம் இருக்கும். சொந்தக்காரர்களின் குரலைப் பதிவிலிருந்து போட்டுப் பார்த்தார்கள், பறை அடித்தார்கள், ஏப்ரல் நடுவில் வலை போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சீல் கறி போட்டபோது தின்றாள். பிறகு ஏப்ரல் 26 அதிகாலை இருட்டில், யார் துணையும் இல்லாமல், உயர்ந்த நீரில் பாலத்தைத் தாண்டி அவளாகவே வெளியே போனாள். மே மாதம் வெளிக்கடலோரத்தில் எடுத்த படத்தில் கண் திட்டை வைத்து அவள்தான் என்று உறுதி செய்தார்கள்.

அவளை வேறு கூட்டத்தில் விடுவது பற்றி அங்கே இருந்தவர்கள் யோசிக்காமல் இல்லை. அவர்கள் குறிவைத்தது ஏதோ ஒரு கூட்டத்தை இல்லை, அவளுடைய அம்மாவழிப் பாட்டியின் கூட்டத்தை. பிக்ஸ் ஓர்காக்கள் ரெசிடென்ட் அளவுக்கு ஒட்டி வாழ்பவை இல்லை, பெரிய பெண்கள் பிரிந்து போய்த் தனிக்குடித்தனம் வைப்பதும் அடிக்கடி சேர்ந்து பிரிவதும் உண்டு. அதனால் அவளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்கள் வேண்டுமென்றே பிரித்த குட்டிகளையும் சொல்லாமல் விட முடியாது. 1970 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் பென் கோவில் வலைபோட்டு ஏழு குட்டிகளைக் காட்சிக்கு விற்றார்கள், குட்டிதான் வேண்டும், அதை லாரியில் ஏற்றலாம். அந்த ஏழில் கடைசியாக உயிரோடிருந்த டோக்கிடே 2023 ஆகஸ்டில் மயாமியில் ஒரு தொட்டியில் செத்தது, ஐம்பத்து மூன்று வருடம் கழித்து. 2010-ல் நெதர்லாந்துக் கரையில் எலும்பும் தோலுமாகக் கிடைத்த மோர்கனின் அழைப்புகள் நார்வேயின் ஹெர்ரிங் தின்னும் ஓர்காக்களோடு பொருந்தின. ஊர் தெரிந்தது, ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை, டெனெரிஃப் தீவின் காட்சிசாலைக்கு அனுப்பினார்கள். குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஸ்பிரிங்கரின் ஊரில் ஒவ்வொரு ஓர்காவுக்கும் 1970-களிலிருந்து படமும் எண்ணும் இருந்தன, நார்வேயில் அன்று அந்த அளவுக்கு இல்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு என்றாலும் அந்த வித்தியாசம் உண்மையானது.

ஆக, குட்டிக்கு இரண்டு வயது ஆகியிருக்க வேண்டும், எந்த வீட்டுக் குட்டி என்று தெரிய வேண்டும், அந்த வீட்டார் கூப்பிடு தூரத்தில் வர வேண்டும், அதற்குள் படகோடு பழகியிருக்கக்கூடாது. இதற்குத்தான் அந்த வலையும் ஆளும் செலவும். ஸ்பிரிங்கருக்கு எல்லாம் கூடிவந்தது.

ஸ்பிரிங்கர் இப்போது எப்படி இருக்கிறாள் என்றும் கேட்டிருந்தீர்கள். ஏ4 கூட்டம் நீரிணையில் நுழையும் நாட்களில் அவர்கள் பேச்சு எங்கள் மைக்கில் விழும். 2002-ல் சியாட்டிலில் எடுத்த பதிவில் அவள் குரல் ஒன்றே ஒன்றாக, மேலே படகு இரைச்சலும் அடியில் அந்த ஒரு அழைப்புமாகத் தெளிவாகக் கேட்கும். இப்போது எடுக்கும் பதிவில் ஏழெட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் பேசுகிறார்கள். ஏ4 என்று தாளில் குறித்துவைப்பேன், அதில் எது அவள் என்று என்னால் பிரிக்க முடிவதில்லை.